மஞ்சள் பட்ட மாத்திரை

ஞாபகசக்திக்கு மாத்திரை வந்திருக்கிறது என்று முதன்முதலில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறப்பதற்கு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், எனக்கு இரண்டு வேளைக்கும் வேண்டும் என்றேன். எங்கள் மொதலாளி வீட்டுச் சங்கதிகளை மறந்தாலே போதும், எனக்குச் சோறு ஒழுங்காகச் செரிக்கும்.

தொண்ணூற்றாறாம் வருஷம். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஆத்தப்பன் மொதலாளியின் பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்து ஒதுக்குவது என் வேலை. என் புருஷன் நல்லான் அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். ராத்திரி ஷிப்ட். ராத்திரி வேலை என்றால் இளவட்டங்கள் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடும். மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லாத ஆள் இவர் ஒருத்தர்தான், அதனால் வருஷக்கணக்காக இவரே ராத்திரி. காலையில் நான் கிளம்பும்போது அவர் வருவார், சாயங்காலம் நான் வரும்போது அவர் கிளம்புவார். உனக்கு எப்படியடி பிள்ளை பிறக்கும் என்று காலனிப் பொம்பளைகள் என்னைக் கேலி செய்வார்கள். பகலில் தகரக் கூரைக்குக் கீழே மனுஷன் எங்கே தூங்குவது? கண்ணை மூடிக்கொண்டு புரண்டு கிடப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மறதி வந்ததில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? ஆனால் அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஒரு நாள் ஊத்துக்குளிக்கு வெண்ணெய் வாங்கப் போனார். வெண்ணெயும் வரவில்லை, ஏறிப்போன சைக்கிளும் வரவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி, நான் எதற்குப் போனேன் என்று என்னையே கேட்டார். அன்றைக்கு அவரைத் தெருவே கேட்கத் திட்டினேன். இன்னொரு நாள் என்னைத் தன் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குத் திட்ட வாய் வரவில்லை, பயம்தான் வந்தது. நாளைக்கு இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு நகை வேண்டாம், காரை வீடு வேண்டாம், என் புருஷன் என்னை இன்னாள் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அதே சமயத்தில் மொதலாளிக்கும் மறதி வந்தது. பெரிய இடத்து மறதிக்குப் பெயர் வேறு. டென்ஷன் என்று சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து சரக்கு பார்க்க வந்தவனிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அவனை அதற்கு முன்னால் வந்த ஹாலந்துக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனான், அடுத்த ஆர்டர்தான் வரவில்லை. மொதலாளிக்கு மண்டை கலங்கிவிட்டது என்று ஊருக்குள் தெரிந்தால் இருக்கிற ஆர்டரும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும் என்று அவர் சம்சாரம் முத்தாத்தாள் பதறிப்போனாள்.

முத்தாத்தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் காலனி ஆட்கள் கையிலிருந்து எது அவள் வீட்டுக்குள் போனாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பாள். அவர்கள் மரத்து முருங்கைக்காயை நாங்கள் பறித்துப் போட்டாலும் அதற்கும் தெளிப்பு உண்டு. பின்வாசல் படியில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். எங்களுக்குக் காப்பி என்றால் தனி டம்ளர், அதையும் நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஆனால் நாள் முழுக்க நாங்கள் தொட்டுத் தடவி மடிக்கிற பனியனுக்கு மட்டும் தெளிப்பு கிடையாது. அது வெள்ளைக்காரன் உடம்புக்குப் போவது, தீட்டு அவன் பாடு.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநாட்டில் படித்த டாக்டர் ஒருவர் ஞாபகத்துக்குப் புது மருந்து பரிசோதிக்கிறார் என்று மொதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். புது மருந்து என்றதும் அவருக்கு ஆசையும் வந்தது, பயமும் வந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி என் புருஷன். நல்லானுக்கும் மறதி இருக்கிறது, அவனும் வரட்டும், கூடவே தின்னட்டும் என்றார். புதுச் சாயம் வந்தால் முதலில் ஒரு துண்டுத் துணியை நனைத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டுத் துணி என் புருஷன் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்றதால் நானும் காரில் போனேன். மொதலாளியும் முத்தாத்தாளும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம். டாக்டர் ஆட்களைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசுகிறவர். மண்டைக்குள் செரோடோனின் என்று ஒன்று ஓடுகிறதாம். அது போய் ஒட்டுகிற இடத்துக்கு ரிசப்டர் என்று பெயராம். குழந்தைச் சட்டையில் வைக்கிற பிரஸ் பட்டன் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற சமாச்சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். புது மருந்து அந்தக் குழியில் போய் உட்கார்ந்தால் ஞாபகம் கூடுமாம். எலிக்குக் கூடிவிட்டதாம், மனுஷனுக்குக் கூடுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கியாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் அந்த எலிகள் மேல் இருந்த மரியாதையை நான் கவனித்தேன்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். வருகிற ஆட்களில் பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று தனக்கே தெரியாது, அது ஒட்டின கவருக்குள் இருக்கிறது, அப்போதுதான் சோதனை நேர்மையாக இருக்கும் என்றார். மொதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. கம்பெனியில் எக்ஸ்போர்ட் சரக்கு ஒரு பக்கம், பழுது என்று கழித்த செகண்ட்ஸ் ஒரு பக்கம் என்று பிரித்தே பழகியவர். தனக்குச் செகண்ட்ஸ் வரும் என்று அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. முத்தாத்தாள் அவர் கையைத் தட்டி அமைதிப்படுத்தினாள். டாக்டர் வாயால் அப்படித்தான் சொல்வார், நமக்கு அசல்தான் தருவார் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்பீர்கள். டாக்டர் போட்ட நிபந்தனைக்காகப் போட்டேன். மருந்து தின்கிறவர்கள் ராத்திரி கண் விழிக்கக் கூடாது, காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும் என்றார். வருஷக்கணக்காக நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு இங்கிலீஷ் காகிதத்தால் கிடைத்தது. மறுநாளே நல்லானைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மொதலாளியும் இவரும் காரில் போய் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வருவார்கள். அங்கே டாக்டர் சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். மொதலாளிக்கு அதில் மகா கோபம். என்னை என்ன பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்தாயா என்று கத்தியிருக்கிறார். கிழமையை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் கூத்து. மனுஷன் ராத்திரி தூங்கினார். கயிற்றுக் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு அவர் விடுகிற குறட்டைக்கு அடுத்த வீட்டு ஒச்சாயி சுவரைத் தட்டுவாள். நான் தட்டினால் தட்டட்டும் என்று விட்டுவிடுவேன். மாதம் ஒன்று ஆவதற்குள் ஆள் தெளிந்துவிட்டார். ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பி, சைக்கிளை ஊத்துக்குளியில் நெய்க்கடைச் சந்தில் சாத்திவிட்டு வந்தேன் மருதாள் என்றார். போய்ப் பார்த்தால் கடைக்காரர் அதைப் பத்திரமாக உள்ளே எடுத்து வைத்திருக்கிறார். அதில் ஏறிக்கொண்டு, ஹேண்டிலில் வெண்ணெய்ப் பொட்டலத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், இத்தனை நாள் கழித்து வெண்ணெய் எதற்கு என்று அதற்கும் ஒரு திட்டுத் திட்டினேன்.

மொதலாளி வீட்டில் நேர்மாறு. அவருக்குத் தலைசுற்றல், வாந்தி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. செத்துப்போன அம்மாவை எங்கே என்று கேட்டார். கம்பெனி ஆபீஸில் வந்து உட்கார்ந்து, இது யாருடைய கம்பெனி என்று சூப்பர்வைசரைக் கேட்டார். முத்தாத்தாள் இரண்டு வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது, அசல் மருந்து நல்லானுக்குப் போய்விட்டது என்று. அவர்கள் காரில் போய், அவர்கள் தயவில் உட்கார்ந்து, அவர்களுக்கு வர வேண்டிய மருந்தை எங்கள் வீட்டில் தின்கிறோமாம்.

அடுத்த தரம் கார் வந்து நின்றதும் பின்வாசலில் நல்லானைக் கூப்பிட்டு, உன் வீடு தகரக் கூரை, மருந்து வெயிலில் கெட்டுப்போகும், ஒரு ராத்திரி எங்கள் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும், காலையில் வாங்கிக்கொள் என்று பாட்டிலைக் கேட்டாள். இவரும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மாளுக்கு நம் மேல் எத்தனை அக்கறை பார் என்று என்னிடம் சொல்லவும் சொன்னார். ஒவ்வொரு தரமும் இப்படியே நடந்தது. எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் நல்லது செய்கிறவர்களைச் சந்தேகப்படக் கூடாது என்று நல்லான் என் வாயை அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. நல்லான் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தார். பகல் வேலைதான், படுக்கையும் ராத்திரிதான், ஆனாலும் விடிய விடியக் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிஷின் பக்கத்தில் இரண்டு தரம் விழுந்தார், இரண்டாம் தரம் நெற்றி பிளந்தது. நெற்றிக்கட்டோடு படுத்திருந்தவருக்கு நான் கஞ்சி ஆற்றிக் கொடுத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க யாருங்க?” என்றார்.

அத்தனை மரியாதையாகக் கேட்டார். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் ஒச்சாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எந்த ஒன்றுக்கு நான் பயந்தேனோ அதே ஒன்று என் வாசலுக்கு வந்துவிட்டது.

கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரையால்தான் இப்படி ஆகிறது, நிறுத்துங்கள் என்றேன். டாக்டர் நாடி பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். நான் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றதும் சலித்துக்கொண்டு பீரோவைத் திறந்து அந்த ஒட்டின கவரைக் கிழித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். உன் புருஷனுக்குக் கொடுத்தது வெறும் மாவு மாத்திரை, மாவு தின்று எவனுக்கும் மயக்கம் வராது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, குடிக்கிற பழக்கம் எத்தனை வருஷமாக என்று கேட்டார். எங்கள் காலனி ஆள் விழுந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு என்று அவருக்கு எந்த எலி சொல்லிக் கொடுத்ததோ தெரியவில்லை. என் புருஷன் கள்ளின் வாசனைகூடப் பிடிக்காதவர். சொன்னேன். கேட்டுக்கொண்டே காகிதத்தில் எதையோ எழுதினார். இடையில் நின்றால் ஆள் கணக்கு கெட்டுவிடும், மாவுதானே, முடிகிறவரை தின்னட்டும் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த டாக்டர் மேல் வந்த ஆத்திரம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். மாவுதான் என்றால் இந்த மனுஷனை யார் இப்படிக் கசக்கிப் போட்டது? அதே சமயம் மொதலாளி தேறிவிட்டார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. வாந்தி நின்றுவிட்டது, தூங்குகிறார், அம்மாவைக் கேட்பதில்லை. ஜெர்மனிக்காரன் பெயரைச் சரியாகச் சொன்னாராம். உண்மையில் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்படி இருந்தாரோ அந்த அளவுக்குத்தான் வந்திருந்தார். நடுவில் அவர் கிடந்த கிடையைப் பார்த்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் நல்லானுக்கு மாத்திரை எடுக்கப் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தேன். மூன்று நான்கு விழுந்தன. ஒன்றில் ஒரு பக்கம் மஞ்சள் திட்டு இருந்தது. கறை பார்த்துப் பார்த்தே என் கண் தேய்ந்தது, அது எனக்குத் தப்புமா? வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். கிழங்கு மஞ்சள்.

என் வீட்டு மாத்திரைக்கு மஞ்சள் எங்கிருந்து வந்தது? எங்கள் கையில் இருந்த பொருளுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற வீடு இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். தெளித்தது சரி. ஆனால் திருப்பி எங்களிடமே கொடுக்கப்போகிற பொருளுக்கு எந்தப் பைத்தியக்காரி தெளிப்பாள்? தாங்கள் தின்கிற பொருளுக்குத்தான் தெளிப்பார்கள். அப்படியே கையில் மாத்திரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலாத்தாளைப் பிடித்துக் கேட்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். பாட்டில் மேலே நம்பர் ஒட்டியிருப்பதால் பாட்டிலை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவாளாம் முத்தாத்தாள். மொதலாளியின் மாத்திரை நல்லான் பாட்டிலுக்கு, நல்லான் மாத்திரை மொதலாளியின் பாட்டிலுக்கு. நல்லான் பையில் கிடந்து வந்ததால் அதற்கு மஞ்சள் தண்ணீர். முதல் தரம் தண்ணீர் அதிகமாகிப் பாதி மாத்திரை ஊறி உப்பிவிட்டதாம். அவற்றை முறத்தில் வத்தல் மாதிரி காயவைத்து எடுத்தாளாம். மாவு ஊறுகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை, அசல் மருந்து என்பதால் உப்புகிறது என்று வேலாத்தாளிடம் பெருமைப்பட்டுக்கொண்டாளாம். நல்லான் பாட்டிலில் ஒரு மாத்திரை குறைந்தபோது எண்ணிக்கைக்காக மஞ்சள் பட்டதில் ஒன்றை அதற்குள் போட்டிருக்கிறாள்.

அன்றையிலிருந்து என் புருஷன் வாயில் ஒரு மாத்திரை போகவில்லை. நல்லான் பாட்டிலை வாங்கி வருவார், அவள் மாற்றிக் கொடுப்பாள், நான் கொண்டுபோய்ச் சாயத்தண்ணீர் ஓடுகிற ஓடையில் கொட்டுவேன். அவள் செய்தது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் பகல் ஷிப்டும் போய்விடும், வேலையும் போய்விடும். அவர் மெல்ல மெல்லத் தேறினார். முதலில் வாந்தி நின்றது, பிறகு தூக்கம் வந்தது. ஒரு நாள் சோறு போட்டபோது, உப்பு பத்தலை மருதா என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. என் பெயரைக் கேட்டதும் நான் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு தரம் தனியாக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை மாறிவிட்டது, உங்கள் மருந்து மொதலாளியையும் கெடுத்தது, என் புருஷனையும் கெடுத்தது, இனி யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மாதிரிக் குடும்பத்தில் அப்படி நடந்திருக்காது என்றார். எழுதியது எழுதியாயிற்று என்றார். அவருக்கு மொதலாளி ஒரு தங்கக்கட்டி. அசல் மருந்து தின்று தேறிய ஆள் என்று கோயமுத்தூரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். மொதலாளியும் மைக்கைப் பிடித்து இந்த மருந்தால் எனக்கு மறுபிறவி என்று பேசினாராம். குடிகாரன் நல்லான் மாவு தின்று கெட்டான் என்பது பக்கத்துக் கட்டத்தில் இருந்திருக்கும். இரண்டையும் வைத்து மருந்து வேலை செய்கிறது என்று காட்டியிருப்பார்கள். படித்தவர்களின் நேர்மைக்கு ஒட்டின கவர் போதும், மாத்திரை யார் வயிற்றுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

சோதனை முடிந்தது, மாத்திரை வருவது நின்றது. பின்னால் அந்த மருந்தை அதைச் செய்த கம்பெனிக்காரனே கைகழுவிவிட்டான் என்று கேள்விப்பட்டேன், எங்கெங்கோ ஆட்கள் மயங்கி விழுந்தார்களாம். அதைப் பற்றி டாக்டர் கூட்டம் போடவில்லை. எங்களுக்கு அதைவிடப் பெரிய இடி விழுந்தது. சோதனைதான் முடிந்ததே என்று சூப்பர்வைசர் நல்லானை மறுபடியும் ராத்திரி ஷிப்டில் போட்டான். வாரம் தாண்டவில்லை, மனுஷன் வாசல் வரை வந்து, எந்த வீடு என்று தெரியாமல் நின்றார். எந்த மாத்திரையும் இவரைத் தேற்றவில்லை, தூக்கம்தான் தேற்றியது என்று அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் காலனிக்குள் ஒரு அம்பாஸடர் கார் வந்தது. முத்தாத்தாள் இறங்கினாள். பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் கால் வைக்காதவள் பட்டுப்புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கட்டிலில் நல்லான் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தேன்.

மாத்திரை மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் ஏன் என்று கேட்டேன். அவள் தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“மாத்தர தீந்ததுலருந்து அவுங்களுக்கு மறுக்காவும் தடுமாற்றம் புள்ள. பயமாட்ட இருக்குது. நல்லான் பாட்டல்ல இருக்கறதுதான் அசலுன்னு நாந்தான் சொல்லி வெச்சேன். இப்ப நல்லாங் கையால வந்தாத்தான் முழுங்குவேங்கறாங்க. வர்ற வாரம் ஜெர்மனிக்காரன் வர்றான்.”

“அது மாவுங்க,” என்றேன்.

“தெரியும். சால்வ போட்ட அன்னிக்கு டாக்டர் சொன்னாரு, எங்கூட்டுக்காரருக்கு வந்ததுதான் அசலு, நல்லானுக்கு மாவுன்னு. அவுங்களுக்கு அது தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு உட்டுருவாங்க.”

“அசல் எங்கூட்டுக்கு வந்து, என்ற புருசன் மண்ட ஒடஞ்சு கெடந்தாரு. என்னயப் பாத்து யாருன்னு கேட்டாரு. அப்ப உங்களுக்கு மனசு எங்கீங்க போச்சு?”

அவள் புடவைக் கரையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் சாமி சாமி என்று கூப்பிட்ட வாய்க்கு அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. மாத்திரை தருகிறேன், அவருக்கு வேண்டிய நாள் வரைக்கும் தருகிறேன், என் புருஷன் இனிமேல் ஒரு ராத்திரியும் மிஷின் முன்னால் நிற்கக் கூடாது என்றேன். சூப்பர்வைசரிடம் சொல்வதாகச் சொன்னாள். எழுதி வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை என் கையில் இருக்கும்போது காகிதம் எதற்கு?

மிச்சம் ஏது? எல்லாம் ஓடையோடு போய்விட்டது. அன்று சாயங்காலம் பச்சரிசி மாவில் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பிசைந்தேன். கம்பெனியில் பொறுக்கிய பெரிய பிரஸ் பட்டன் ஒன்றின் குழிக்குள் வைத்து அழுத்தினால் அச்சு அசலாக வட்டமாக வந்தது. ராத்திரி முழுக்கக் காற்றில் உலர்த்திப் பழைய பாட்டிலில் நிரப்பினேன். ஒச்சாயி இது என்ன பலகாரம் என்று கேட்டாள். மொதலாளிக்கு ஞாபகம் வர என்றேன். அவள் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலையில் நல்லானோடு நானும் போனேன். மொதலாளி எங்களுக்காக வாசலிலேயே காத்திருந்தார். பின்வாசலுக்குப் போகச் சொல்ல மறந்துவிட்டார் போலும். நல்லான் பாட்டிலைத் திறந்தார். உள்ளேயிருந்து முத்தாத்தாள் வேகமாக வந்தாள். பழக்க தோஷம், கையில் அந்தப் பித்தளைக் கிண்ணம். எங்கள் கை பட்ட மாத்திரை என்று அவளுக்குத் தெரியுமல்லவா, விரலைத் தண்ணீரில் முக்கியும்விட்டாள்.

“தொளிச்சா கரஞ்சு போயிருமுங்க,” என்றேன்.

நனைந்த விரலோடு அப்படியே நின்றாள். மொதலாளி அவளைத் திரும்பிப் பார்த்து, கிண்ணம் எதற்கு என்று கேட்டார். செடிக்கு என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரைச் செம்பருத்தித் தூரில் கொட்டினாள். மொதலாளி நல்லானிடம் கையை நீட்டினார்.